புகை இரண்டையும்தான் மறைக்கும்

உன் அஞ்சலிச் சுவரொட்டியில் உனக்குப் பின்னால் சனிக்கிரகத்தைப் போட்டிருக்கிறார்கள். வளையத்தோடு. உன் இடது காதுக்குப் பக்கத்தில், பெரிய தோடு மாதிரி. ஓரத்தில் ஒரு ராக்கெட் வேறு. அது விண்வெளிக்குப் போகிறதா, நம் பட்டாசுக் கம்பெனியிலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. அடியில் குச்சி தெரிகிறது. சிவகாசி அச்சகத்திலிருந்து நேரே கல்லூரிக்கு வந்த கட்டு. பிரித்ததும் காயாத மையின் வாடை முகத்தில் அடித்தது. துறை வாசலில் அப்படியே நின்றேன். அழவேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வரும், உனக்குத் தெரியாததா?

நீ சனியைப் பார்த்ததே கிடையாது. பார்க்கலாமே என்று நான் சொன்னபோதெல்லாம், "அத ஊரே பாத்துருச்சு புள்ள, நான் வேற எதுக்கு?" என்பாய். நீ விடாமல் பார்த்தது ஒரே ஒரு நட்சத்திரம். தேரோட்டி என்ற கூட்டத்தில், பளிச்சென்ற பெரிய நட்சத்திரம் ஒன்றின் அருகில் சின்னதாக மூன்று புள்ளிகள் இருக்கும். அதில் ஒன்று. அதைப் போட்டிருந்தால் சுவரொட்டியில் ஒரு வெள்ளைப் பொட்டுதான் விழுந்திருக்கும். மையாவது மிச்சமாகியிருக்கும்.

தோழிகள் நாம் இருவரும் அந்த விருதுநகர்க் கல்லூரியின் இயற்பியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர்கள். நான் விருதுநகர் மிளகாய் மண்டி வீட்டுப் பெண். நீ திருத்தங்கல். உன் அம்மா பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றுகிறவர். அவருக்கு முந்தைய தலைமுறை அடுத்தவர் காட்டில் களை எடுத்தது. ஆசிரியர் அறையில் நமக்கென்று ஒதுக்கியது ஆடுகிற மேசை ஒன்று. அதன் ஒரு காலுக்கு அடியில் பழைய வினாத்தாளை மடித்து வைத்துவிட்டு, நீ எனக்கு அந்த நட்சத்திரத்தின் கதையைச் சொன்னாய். நான் அன்று விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பாதியில் பேனாவை மூடிவிட்டேன்.

அது ஒன்றல்ல, இரண்டு. ஒன்றையொன்று சுற்றுகிற சோடி. இப்படிப்பட்ட சோடிகளில் ஒன்று வீங்கி, தன் பொருளை மற்றதன் மேல் கொட்டத் தொடங்கும். கொடுத்தது இளைக்கும், வாங்கியது பருக்கும். வாங்கியதை எல்லாம் உடனே விழுங்க முடியாமல், அந்த இரண்டாவது தன்னைச் சுற்றித் தட்டுப் போல வைத்துக்கொள்ளும். "நம்ம ஊரு மொதலாளி மாதிரில்ல இருக்கு" என்று சிரித்தாய். நம் நட்சத்திரத்தில் அந்தத் தட்டு மிகப் பெரியது. இருபத்தேழு ஆண்டுக்கு ஒருமுறை அது முன்னால் வந்து, நமக்குத் தெரிகிற நட்சத்திரத்தை மறைக்கும். மறைப்பது ஒரு உருண்டை என்றால் அவ்வளவு நேரம் ஆகாது. அகலமான தட்டு என்பதால், மறைத்து விலக இரண்டு ஆண்டுக்குக் கிட்ட ஆகும். தட்டு எப்படி வந்தது, எதனால் ஆனது என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இரண்டாயிரத்து ஒன்பதில் மறைப்பு தொடங்கும், யாரெல்லாம் அளக்க முடியுமோ அளந்து அனுப்புங்கள் என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் கேட்டிருந்தார்கள். கல்லூரிக் கணினியில் அதைப் படித்த நாளிலிருந்து நீ நீயாக இல்லை.

உன் அம்மாவிடம் இதை விளக்கப் போய் நாம் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவர் நட்சத்திரத்தை வெள்ளி என்றுதான் சொல்வார். "வெள்ளிக்குக் கிரகணமா? எம்புட்டு நேரம்?" என்று கேட்டார். இரண்டு வருசம் என்றாய். "அடி பாதகத்தி, ரெண்டு வருசமா? கிரகணம் விடுற வரைக்கும் சாப்பிடாம இருந்தா செத்துல்ல போவோம்!" என்று வாயில் கை வைத்தார். இந்தக் கிரகணத்துக்குச் சாப்பிடலாம் என்று நீ சத்தியம் செய்த பிறகுதான் விட்டார்.

மறைப்பு தொடங்கிய மாதங்களில் அந்த நட்சத்திரம் விடியலுக்கு முன்னால்தான் மேலே வரும். விடுமுறைக்கு முந்தின நாள் நான் உன் வீட்டில் வந்து தங்குவேன். "நம்ம மாடியில இல்லாத வெள்ளியா திருத்தங்கல்ல இருக்கு?" என்று எங்கள் அத்தா கேட்பார், கேட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரை பைக்கில் கொண்டுவந்து விடுவார். தொலைநோக்கி நம்மிடம் கிடையாது. என் தம்பி கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற ஸ்டுடியோ வைத்திருந்தானே, அவனுடைய கேமராதான். முகூர்த்தம் இல்லாத நாளில் மட்டும் கிடைக்கும். ஒளி ஒரே புள்ளியில் குவிந்தால் அளவு தப்பிவிடும், கொஞ்சம் பரவினால்தான் சரியாக எண்ணலாம் என்று நீ வேண்டுமென்றே மங்கலாக எடுப்பாய். கணினியில் அதைப் பார்த்த என் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "ஏக்கா, அம்புட்டும் அவுட் ஆஃப் போகஸ்! இதுக்கா விடிய விடிய முழிச்சீக? வெளிய சொல்லாதீக, எங் கடப் பேரு கெட்டுப்போகும்."

அளக்கிற முறையை இங்கே நான் திரும்பச் சொல்லத்தான் வேண்டும். உனக்காக அல்ல. எனக்கு அதில்தான் வயிறு எரிகிறது.

ஒரு நட்சத்திரத்தின் ஒளியைத் தனியாக யாரும் அளப்பதில்லை. பக்கத்தில் மாறாத இன்னொன்றை வைத்துக்கொண்டு, இது அதைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்றுதான் பார்ப்பார்கள். அந்த மூன்று புள்ளிகளில் மாறாத ஒன்றை நீ ஒப்பிடுவதற்கு எடுத்தாய். இரண்டும் ஒரே படத்தில் விழும். மெல்லிய மேகம் வந்தாலும், தூசி வந்தாலும், இரண்டும் சேர்ந்து மங்கும். வித்தியாசம் அப்படியே நிற்கும். எங்கள் மண்டியில் தராசு கோளாறு என்றாலும், இரண்டு மூட்டையையும் அதே தராசில் போட்டால் எது கனம் என்று தெரிந்துவிடும் அல்லவா? அவ்வளவுதான் விசயம். "புகை ரெண்டையுந்தான மறைக்கும்?" என்று நீ ஒரே வரியில் சொல்வாய். நம் மாணவிகளுக்குச் செய்முறை வகுப்பில் அதையே சொல்லிக் கொடுத்தாய்.

நம் நட்சத்திரம் மறைப்புக்கு முன்னால் ஒப்பு நட்சத்திரத்தைவிட ஒரு பொட்டு கூடுதலாக இருந்தது. பிறகு இரண்டும் சமமாயின. பிறகு குறைந்தது. மழை மேகம் பாதி நாட்களைத் தின்றது. தின்றது போக மிச்சத்தில் அந்தச் சரிவு கோடு போட்ட மாதிரி இறங்கியது. அன்று மாடியில் என் கையைப் பிடித்து, "ஏ புள்ள, அங்கன பாரு. தட்டு வந்துருச்சு" என்றாய். உன் கை சில்லென்று இருந்தது. நம்மிருவர் வாழ்க்கையிலும் அத்தனை பெரிய ஒன்று, இருபத்தேழு ஆண்டு காத்திருந்து, சொன்ன நேரத்தில் வந்ததில்லை.

சனவரியில் நம் கல்லூரியிலேயே கருத்தரங்கு. வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் ஒருவர் தலைமை தாங்க வந்தார். பெயர் எதற்கு, உனக்குத் தெரியும். அவருக்கு நிலைக்கதவு வரை சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். நீ கத்தரிப்பூ நிறப் புடவை கட்டி, குரல் நடுங்காமல் பேசினாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் கணினியில் படங்களை மாற்றினேன். "பார்வையிடம்: திருத்தங்கல்" என்று திரையில் வந்ததும் அவர் மைக்கைக் கையில் எடுத்தார்.

"சிவகாசிக்குப் பக்கத்துல, தீபாவளி சீசன்ல, நட்சத்திரம் மங்குச்சுன்னு சொல்றீங்க" என்றார். "அம்மா, அது புகை."

அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த நம் துறைத்தலைவர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நான் எழுந்தேன். நீ என் தொடையைக் கிள்ளி உட்கார வைத்தாய். பிறகு நிதானமாகச் சொன்னாய்: வெடிச் சோதனை நடப்பது மாலையில், இது விடியலுக்கு முன் எடுத்தது, அதை விட்டாலும் ஒப்பு நட்சத்திரம் அதே படத்தில் இருக்கிறது, அது மங்கவில்லை. கடைசியாக, "சார், இப்ப அந்த நட்சத்திரம் சாயங்காலமே மேல வந்துருது. கேமராகூட வேண்டாம், வெறுங்கண்ணுக்கே தெரியும். இன்னைக்கு ஏழு மணிக்கு நம்ம கல்லூரி மாடிக்கு வாங்க, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாய்.

அதைவிட மரியாதையாக யார் சவால் விட முடியும்? ஏழு மணிக்கு நாம் மாடியில் நின்றோம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கீழே ஒரு கார் கிளம்பிப் போனது. விருதுநகர் வந்துவிட்டு எண்ணெய் பரோட்டா சாப்பிடாமல் போகலாமா? துறைத்தலைவர் அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். தலையைத் தூக்கிப் பார்க்கிற ஒரு வேலை. படியேறினால் முடிந்தது. எனக்குப் பரோட்டா மேல் ஒரு பகையும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் போனாலே எனக்கு எரிகிறது.

மறுநாள் அவர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு உபதேசம் செய்தார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். "கட்டுரை நல்லாத்தான் இருக்கு. இடத்தை மட்டும் மாத்திருங்க. திருத்தங்கல்னு போட்டா படிக்கிறவன் சிரிப்பான். கொடைக்கானல் பக்கம்னு போடுங்க, கருத்தரங்கு மலர்ல சேத்துக்கலாம்" என்றார். அப்படியானால் முந்தின நாள் சொன்ன புகை? அது ஒரே இரவில் கொடைக்கானல் பேரைக் கேட்டதும் விலகிவிட்டது போலிருக்கிறது!

"கொடைக்கானலுக்கு நான் போனதே இல்லையே சார்" என்றாய். "திருத்தங்கல்னு போடலன்னா, வேண்டாம்."

போடவில்லை. உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். இங்கே மாட்டின் கொம்பைச் சீவி வேறு ஊர்ப் பெயர் எழுதினால் விலை போகுமாம். கருத்தரங்கு மலர் பளபளவென்று வந்தது. அடித்தது எங்கே? உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அச்சகத்தில். உங்கள் ஊர் அச்சு ஆகும், உங்கள் ஊர் கண் ஆகாது.

அந்த நட்சத்திரம் மங்கியதை உலகம் பூராவும் அளந்தார்கள். உன் கோட்டின் மேல் அவர்கள் கோடு அப்படியே படிந்தது. தட்டையே நேரில் படம் பிடித்தவர்களும் இருந்தார்கள். நட்சத்திரத்தின் முகத்தில் கறுப்பாக ஒரு கீற்று. அதைக் கணினியில் நீ பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாய். உன் அளவுகளை அந்த வெளிநாட்டுக் குழுவுக்கு அனுப்பினாய். எழுத்துப் பிழையோடு திருத்தங்கல் என்று போட்டு ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் மதித்தார்கள். நம் பேராசிரியரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. துறைத்தலைவரிடம் நான் போய்ச் சண்டை போட்டேன். "சின்ன விசயம்மா, பெருசு பண்ணாதீங்க" என்றார். நட்சத்திரத்தைச் சின்ன விசயம் என்று சொன்ன ஒரே இயற்பியல்காரர் அவராகத்தான் இருப்பார்.

உனக்குப் புகையைப் பற்றிப் பாடம் எடுத்தார்களே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் ஊரில் வானத்தில் புகை எழுந்தால் தெருவே வெளியே வந்து, எந்தத் திசை, எந்தக் கம்பெனி என்று பார்க்கும். உன் அம்மா வேலை செய்கிற பக்கமாக அது இருந்தால், பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே உன் கை சாக்பீஸை விட்டுவிடும். எது புகை, எது இல்லை என்று உனக்கா தெரியாது?

பிறகு பல ஆண்டு நீ வழக்கம்போல வந்தாய், வகுப்பெடுத்தாய், தற்காலிகமாகவே இருந்தாய். மஞ்சள்காமாலை வந்து இரண்டு வாரத்தில் போய்விட்டாய். நாற்பதைக்கூடத் தொடவில்லை.

நேற்று அஞ்சலிக் கூட்டம். நீ இல்லாததால், நடந்ததைச் சொல்கிறேன். தலைமை அதே பேராசிரியர். இப்போது ஓய்வு பெற்று, இன்னும் பெரிய மனிதராகிவிட்டார். "கந்தகப் புகைக்கு நடுவிலிருந்து விண்ணை நோக்கிய வீராங்கனை" என்றார். "அன்றே நான் இவரை ஊக்கப்படுத்தினேன்" என்றார். கைதட்டல். உன் அம்மாவை மேடைக்கு அழைத்து ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். மகளைப் புதைத்து ஒரு மாதம் ஆகாத தாய்க்குச் சரிகைப் பொன்னாடை! அவர் அதற்குள் ஒடுங்கிப்போய் நின்றார், படம் எடுத்தார்கள்.

நான் எழுந்தேன். இந்த முறை கிள்ளுவதற்கு நீ இல்லை. மேடையில் கேட்டு வாங்காமல் மைக்கை எடுத்து, அந்தச் சனவரியில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கொடைக்கானலையும் சொன்னேன், பரோட்டாவையும் சொன்னேன். நட்சத்திரம் மங்கியது என்று சொன்னவள் சரி, புகை என்று சொன்னவர் தப்பு என்றேன். பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்" என்று துறைத்தலைவர் சொல்லி, நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டார். ஆனாலும் எனக்குப் பாரம் குறைந்த மாதிரிதான் இருந்தது. வெளியே வரும் வரை.

வாசலில் வேப்பமரத்தடியில் உன் அம்மா நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். இதற்காகத்தான் இந்த மடலே. உனக்குத் தெரியாத ஒன்று இது.

"தாயி, நீங்க பேசுனது எனக்குப் பாதி வெளங்கல. ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கிடக் கூடாது" என்றார். "அவ பாத்த வெள்ளி தப்பாப் போனது, எங்க வீட்டு அடுப்புப் பொகையாலதான?"

எனக்குப் புரியவில்லை. எந்த அடுப்பு என்று கேட்டேன்.

"அப்ப உங்களுக்கு நோன்பு மாசம்லா? பாங்கு சொல்றதுக்கு முந்தி உங்களுக்குச் சூடா சோறு வடிச்சுக் குடுக்கணும்னு, நீங்க வந்து தங்குற நாள்ல எல்லாம் நாந்தான் வெரசா எந்திரிச்சு அடுப்பப் பத்த வச்சேன். பச்ச வெறகு. பொக நேரா மாடிக்குல்ல போகும். அந்தப் பெரிய கூட்டத்துக்குப் போயிட்டு வந்து, 'பொகைன்னு சொல்லிட்டாகம்மா'ன்னு சொல்லி அவ சொவரப் பாத்துப் படுத்துக்கிட்டா. எனக்குத் திக்குன்னுருச்சு. எம்புள்ள பேரு என்னாலல்ல கெட்டுப்போச்சு. அவகிட்ட நான் கேக்கல தாயி. அதுக்கப்புறம் அவ மேல இருக்கயில நான் அடுப்பே பத்த வைக்கல. பழைய கஞ்சியக் குடிச்சிட்டு கம்பெனி வேன் ஏறிருவேன்."

அதற்குப் பிறகு நீ மாடியில் அளந்துகொண்டிருந்த அத்தனை விடியலும், கீழே உன் அம்மா இருட்டில் பழைய கஞ்சியோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். இத்தனை ஆண்டுகளாக அந்தப் பழியைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு. ஒரு மனிதர் மைக்கில் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன ஒரு சொல் எங்கே போய் இறங்கியிருக்கிறது, பார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். உங்க அடுப்புப் புகையும் இல்லம்மா, கம்பெனிப் புகையும் இல்ல. பக்கத்துல இன்னொரு வெள்ளியையும் சேத்துத்தான் அவ பாத்தா. புகைன்னா ரெண்டும் மங்கணும். ஒண்ணுதான் மங்குச்சு.

"அப்ப எம் மக பாத்தது சரியா?"

"சரிம்மா. ஒரு பொட்டு தப்பில்ல."

"இது அந்தப் பெரியவருக்குத் தெரியாதா தாயி?"

பொய் சொல்லியிருக்கலாம். தெரியாமல் சொல்லிவிட்டார் என்றிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் வாய்க்கு அது வரவில்லை. "தெரியும்மா. மொத வருசப் பிள்ளைகளுக்கே தெரியும்" என்றேன்.

உன் அம்மா தோளிலிருந்த பொன்னாடையை எடுத்தார். சரிகை வெளியே தெரியாமல், சுருக்கம் விழாமல் மடித்து என் கையில் வைத்தார். "இத அவுககிட்டயே குடுத்துருங்க தாயி. எனக்குப் புழுங்குது" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

அது என் கைப்பையில் இருக்கிறது. திங்கட்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். பேராசிரியர் வீட்டுக்கே போய், கையில் கொடுத்துவிட்டுத்தான் வருவேன். யார் கொடுத்தனுப்பியது என்று கேட்பார். திருத்தங்கல் என்று சொல்வேன்.